விபெக்கெ எடுத்த நாற்பது சீட்டுகள்

விபெக்கெ ஸ்கியோட்டுக்கு நாற்பத்து மூன்று வயது. பதினெட்டு வருடம் சைக்கிளில் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி மாத்திரை கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் எங்கள் செவிலியர் கல்லூரிக்கு வந்தாள். புள்ளியியலில் இரண்டு முறை தோற்றிருந்தாள். மூன்றாவது முறையும் தோற்றால் கல்லூரியை விட்டே போகவேண்டியதுதான்.

குளிர்காலத்தில் கடலில் முங்குகிறவர்களுக்குச் சளி குறைவாகப் பிடிக்கிறதா என்பது அவள் எடுத்துக்கொண்ட கேள்வி. எங்கள் ஊர் ஸ்வென்போரில் முங்குகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு, அவளும் அதில் உறுப்பினர். தண்ணீர் ஈயத்தகடாகக் கிடந்த ஒரு ஞாயிறு முழுக்கப் படகுத்துறையில் நின்று, கரையேறிய அறுபது பேரைக் கேட்டாள். கடந்த மாதத்தில் சளி கண்டவர்கள் ஆறே பேர். அவள் தெருவில் கதவைத் தட்டிக் கேட்ட, முங்காத அறுபது பேரில் பதினைந்து. கடல் ஜெயித்தது. அறிக்கையைக் கொடுத்துவிட்டாள். வாய்மொழித் தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது.

அந்த வாரம், முங்கிவிட்டு வந்து சூடேற்றிக்கொள்ளும் சங்கத்துச் சவுனா அறையில் ஒருத்தி கேட்டாளாம்: "நம்ம போடில் எங்கடி போனா, ஆளையே காணோம்?"

"அவளுக்கு மூணு வாரமா சளி. மூக்கு ஒழுகுறப்போ எவ இங்க வருவா?"

விபெக்கெ துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டாள். மதியம் உணவுக்கூடத்தில் என்னிடமும் மாஸிடமும் சொன்னாள். நாங்கள் மூவரும் சேர்ந்து படிப்பவர்கள்.

"சளி பிடிச்சவங்கள்லாம் வீட்ல படுத்திருந்திருக்காங்க. நான் வந்தவங்கள மட்டுந்தான் எண்ணிருக்கேன்."

"வாயத் தொறக்காத," என்றான் மாஸ். "அறிக்கை போயாச்சு. தேர்வாளருங்க கண்ணுல படாமலே போகலாம்."

"என் கண்ணுல பட்டுருச்சே."

சங்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு சீட்டு எழுதிச் சூப்புப் பானையில் போட்டுக் கலக்கி, பார்க்காமல் நாற்பது எடுத்தாள். முப்பத்து மூன்று பேர் தொலைபேசியில் கிடைத்தார்கள். மீதி ஏழு பேரைத் தேடி மழையில் சைக்கிள் மிதித்தாள். ஒருத்தி வீட்டுக்கு மூன்று தடவை.

"வேற சீட்டு எடுத்துக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"கெடைக்கிறவங்களக் கேட்டுத்தான் மொதத் தடவையும் கெட்டேன்."

நாற்பதில் ஒன்பது பேருக்குச் சளி. தெருவில் கால்வாசி, இங்கேயும் ஏறக்குறைய கால்வாசி.

தேர்வறையில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். நான் கடைசி நாற்காலியில் இருந்தேன். விபெக்கெ தன் அறிக்கையை மேசையில் வைத்து, "இதுல வந்த முடிவு தப்பு. ஏன்னு சொல்றேன்," என்று ஆரம்பித்தாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சீட்டுக் கணக்கு வரை கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்பதுன்னா கால்வாசிக்கு ஒண்ணு கம்மி. அப்போ கடல் கொஞ்சமாவது உதவுதுன்னு சொல்லலாம்ல?"

"சொல்ல மாட்டேன். இன்னொரு நாப்பது சீட்டு எடுத்தா ஏழும் வரலாம், பதிமூணும் வரலாம். அந்த ஆட்டத்துக்குள்ளதான் இந்த ஒண்ணும் இருக்கு."

"நாங்க கேக்காததையெல்லாம் நீங்களா ஏன் சொல்றீங்க?"

"நாளைக்கு நோயாளிகிட்டப் போய் முங்குங்க, முங்காதீங்கன்னு சொல்லப்போறது நான்தானே."

எங்களை வெளியே அனுப்பினார்கள். ஐந்து நிமிடத்தில் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் கோட்டை மாட்டிக்கொண்டே, "பன்னெண்டு," என்றாள். இங்கே அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது.

நடைபாதையில் காத்திருந்த மாஸ் எழுந்து வந்தான். "வாய மூடுன்னு சொன்னவன் நான்," என்றான்.

"ஞாபகமிருக்கு. பிப்ரவரியிலேருந்து எனக்கு வார்டுப் பயிற்சி. ஊசி போடக் கத்துக்க மொதக் கை ஒன்னோடது."

அவன் அந்த நடைபாதையிலேயே சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினான்.