மேல்பக்கம் நாலு, கீழ்ப்பக்கம் மூணு

ஜூலை எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி ஐந்து நிமிடம். ஆவடிப் பக்கம் மேகம் திரண்டிருந்தது. காற்று பலமாக வீசியது, மழை இல்லை. வருடத்தை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் உடனே என் வயதைக் கணக்குப் போடுவீர்கள். இப்போது இருக்கிற கவலைகளோடு அது வேறு எனக்கு வேண்டாம். அப்போது நான் ஏழாம் வகுப்பு, அது போதும்.

நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். அது கழிந்த பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு வாசலில் காலெடுத்து வைத்தார்கள். அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. பிறந்துவிட்டால் ஒரு மாதத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. ஆகவே அத்தையைப் பெண் பார்க்க அந்த ஒரு மாலைதான் மிச்சம். லண்டனில் நடக்கும் டென்னிஸ் இறுதி ஆட்டம் நம் டிவியில் தெரியப் போவதும் அதே மாலை, ஆறரைக்கு. பஞ்சாங்கம் கணித்தவருக்கு டென்னிஸ் தெரியாது.

அத்தைக்குத் தெரியும். அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அத்தை ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தாள். அவள் மேசைக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் அதிகாரிகள் விளையாடும் டென்னிஸ் மைதானம். ஐந்து மணிக்கு மேல் ஆபீசில் தங்க நேர்ந்த நாட்களில் அந்த ஜன்னல் வழியாகவே ஆட்டத்தை முழுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. பெரிய ஆட்டங்களை மறுநாள் பேப்பரில் படிப்பாள். நடக்கும்போதே பார்த்ததில்லை. அந்த வருடம்தான் எதிர்வீட்டில் கறுப்பு வெள்ளை டிவி வாங்கியிருந்தார்கள். ஒரு மாதமாக அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தவளைப் பட்டுப்புடவை கட்டி அடுப்படியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அவளுக்கு அன்று இன்னொரு கவலையும் இருந்தது. அதுதான் பெரிய கவலை. முதல் நாள் இரவு சாப்பாட்டின்போது நைனாவிடம் கேட்டாள்.

“அண்ணா, வேலையப் பத்தி நானே அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேனே.”

“பாக்க வர்றவங்களப் போயி பொண்ணு கேள்வி கேக்குமா? நீ வேலைய வுட்டுடுவேன்னு தரகருகிட்ட சொல்லியாச்சு. நீ வாய மூடிக்கினு காப்பி குடு, போதும்.”

அதோடு பேச்சு முடிந்தது. அத்தை சாப்பிடாமல் கையைக் கழுவினாள். மாப்பிள்ளையும் பெண்ணும் தனியாக நாலு வார்த்தை பேசிப் பார்க்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் அன்று கிடையாது. அவர் முகத்தை அவள் பார்க்கலாம். அதுவும் தட்டை நீட்டும்போது ஒரு தடவை.

ஞாயிறு மத்தியானம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தாள். எதிர்வீட்டில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். அவ்வப்போது ஓடி வந்து ஸ்கோர் சொல்ல வேண்டும்.

“நடுவுல நடுவுல ரெண்டு பேரும் போயி நாற்காலில உக்காருவாங்க, தண்ணி குடிப்பாங்க. அப்ப ஓடியா. சொல்லிட்டு உடனே ஓடிடு. ஒரு பாயிண்ட்டும் வுடக் கூடாது, தெரிதா?”

எண்ணச் சொன்னால் எனக்குப் போதும். அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

எதிர்வீட்டுக்காரர் மொட்டை மாடியில் ஆன்டெனாக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்றில் அது திரும்பிக்கொண்டே இருந்தது. கீழே அவர் மனைவி ஜன்னலில் தலையை நீட்டிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். “தெரிது... தெரில... ஆங், அப்டியே புடி! கைய எடுக்காத!” ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வரும் தெருக்காரர்கள் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். “இன்னாக்கா, படம் போடலியா?” “எவனோ ரெண்டு பேரு பந்த அட்ச்சிக்கினு கீறானுங்க. போ போ.” எல்லோரும் போய்விட்டார்கள். தரையில் நான் மட்டும்.

படம் என்று அதைச் சொல்ல வேண்டுமானால் மனசு பெரிதாக இருக்க வேண்டும். திரை முழுக்க அரிசி கொட்டியது போலப் புள்ளிகள். அவற்றுக்கு நடுவில் இரண்டு வெள்ளை உருவங்கள், ஒன்று திரையின் மேல்பக்கம், ஒன்று கீழ்ப்பக்கம். இருவருக்கும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. முகம் தெரியவில்லை. எழுத்து வந்தாலும் படிக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் ஒருவர் ஏதோ சொன்னார். அதுவும் இரைச்சலில் போயிற்று. ஆகவே நான் எனக்குத் தெரிந்த வழியில் எண்ணினேன். ஒரு கேமை, அதாவது செட்டுக்குள் வரும் சின்ன ஆட்டத்தை, மேல்பக்கத்துக்காரர் ஜெயித்தால் வலது கையில் ஒரு விரல். கீழ்ப்பக்கத்துக்காரர் ஜெயித்தால் இடது கையில் ஒரு விரல்.

அவர்கள் உட்காரப் போனார்கள். நான் ஓடினேன்.

எங்கள் வீடு அண்ணனூர் ஷெட்டில் நிற்கும் ரயில் பெட்டி மாதிரி நீளமானது. தெருவிலிருந்து அடுப்படிக்குப் போகக் கூடத்தைத் தாண்டாமல் வழியில்லை. கூடத்தில் ஜமக்காளம் விரித்து நூம்பலிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்: மாப்பிள்ளை, அவர் அம்மா, ஒரு பெரியப்பா, தரகர். நான் அவர்கள் நடுவில் புகுந்து ஓடி, அடுப்படி வாசலில் நின்று, மூச்சு வாங்கக் கத்தினேன்.

“அத்தே! மேல்பக்கம் ஒண்ணு, கீழ்ப்பக்கம் ரெண்டு!”

அத்தை என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு, “சரி, ஓடு,” என்றாள்.

திரும்பும்போது நைனாவின் பார்வை என் முதுகைச் சுட்டது. மாப்பிள்ளையோ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து அவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இந்த இடமே பிடிக்கவில்லையோ என்று நைனா பயந்தாராம். இதை அம்மா பிற்பாடு சொன்னாள்.

அடுத்த தடவை நான் கூடத்தில் நுழைந்ததும் அவர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“தம்பி, டென்னிஸா?”

“ஆமா. மேல்பக்கம் நாலு, கீழ்ப்பக்கம் மூணு.”

அவரும் என்னை அதே மாதிரி ஒரு நிமிடம் பார்த்தார். “செம மேட்ச்தான்,” என்றார். பெரியப்பா நகைக் கணக்கில் இருந்தார், கவனிக்கவில்லை. அடுப்படிக்குப் போய் அத்தையிடம் ஸ்கோரைச் சொன்னேன். அதோடு மாப்பிள்ளையும் கேட்டார் என்பதையும் சொன்னேன்.

“கேட்டாரா? அவருக்கு யாரு ஜெயிக்கணுமாம்? போகும்போது கேளு.”

கேட்டேன். வயதில் பெரியவர் ஜெயிக்க வேண்டுமாம். இதற்குப் பிறகு அவருக்கு வாய்ப்பு வராது, பாவம் என்றார். அடுத்த முறை அதைக் கொண்டு போய்ச் சேர்த்தேன். “எனக்குச் சின்னவருன்னு சொல்லு,” என்றாள் அத்தை. அதைத் திரும்பக் கொண்டு வந்தேன். இப்படியே இரண்டு பக்கமும் எனக்குச் சுமை கூடிக்கொண்டே போனது. ஸ்கோர் சொல்ல வந்த என்னைக் கடிதம் இல்லாத தபால்காரன் ஆக்கிவிட்டார்களே என்று எரிச்சலாக இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் நின்றதில் இரண்டு பாயிண்ட்டுகள் போய்விட்டன.

காப்பி வந்த நேரம் நான் கூடத்துக் கதவருகில் இருந்தேன். அத்தை தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா நைனாவிடம் கேட்டார்.

“பொண்ணு வேலைய எப்ப வுடுது?”

“தேதி குறிச்சதும் எழுதிக் குடுத்துடும்மா,” என்றார் நைனா.

தட்டைப் பிடித்தபடியே அத்தை நைனாவைத் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை டம்ளரை எடுக்காமல் அவள் முகத்தைப் பார்த்தார். பெரியவர்கள் யாரும் பேசாத அந்த இடைவெளி எனக்கு வசதியாகப் போயிற்று.

“ரெண்டு செட் முடிஞ்சிடுச்சு! இன்னும் சமமாவே கீது!”

மாப்பிள்ளை எழுந்து நின்றார். “பெரிப்பா, அஞ்சே நிமிசம். எதிர்ல போயி பாத்துட்டு வந்துடறேன்.” இரண்டடி போனவர் திரும்பினார். “அவங்களும் வரட்டுமே. எனக்கு ஸ்கோர் அவ்ளோ புரியாது.”

“டேய், இன்னாடா இது? வந்த எடத்துல!” என்றார் அவர் அம்மா. தரகர் நைனாவைப் பார்த்தார். நைனா அடுப்படிப் பக்கம் திரும்பினார். அப்போது அடுப்படிக்குள்ளிருந்து என் அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

“பையன்தான் கூடப் போறானே.”

நான் முன்னால், அவர் நடுவில், அத்தை பின்னால். மேனாம்பேட்டில் பெண் பார்க்க வந்தவரும் பார்க்கப்பட்டவளும் சேர்ந்து தெருவைக் கடந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பட்டுப்புடவையோடு அத்தையைக் கண்டதும் எதிர்வீட்டம்மா ஜன்னலை மறந்துவிட்டார். மாடியிலிருந்து குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. “தெரிதாமே? ஏம்மே, தெரிதா?”

நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர்கள் இருவரும் கதவை ஒட்டி நின்றார்கள். ஆட்டம் முடியும் கட்டத்தில் இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். பின்னால் பேச்சு ஓயவில்லை.

“வேலைய வுட்டுடறேன்னு நீங்க சொன்னதா எங்கம்மா சொன்னாங்க.”

“நான் சொல்லல. என்னை யாரும் கேக்கல.”

“இப்ப நான் கேக்கறேன்.”

“வுட மாட்டேன்.”

“அப்ப வுடாதீங்க. நூம்பல்லேந்து ஆவடிக்கு ரெண்டு பஸ்ஸு மாறணும். அது ஒண்ணுதான் ரோதனை.”

“உங்கம்மா?”

“அது என் கவல.”

இவ்வளவு பாடுபட்டு அழைத்து வந்தால் இந்த நேரத்தில் பஸ்ஸைப் பற்றிப் பேசுகிறார்களே என்று எனக்கு ஆத்திரம். “சும்மா இருங்களேன்!” என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் ஒரு வெள்ளை உருவம் மட்டையை மேலே தூக்கியது. முடிந்துவிட்டது.

“முடிஞ்சிடுச்சு,” என்றேன், அழாத குறையாக.

“யாரு?” என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

“மேல்பக்கம்.”

அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. என் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை இதுதானா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எதிர்வீட்டுக்காரரை மாடியிலிருந்து இறங்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பேப்பரில் பார்த்தால் ஆட்டம் சமமே இல்லை. ஒருவரே அடித்து நொறுக்கியிருந்தார். டென்னிஸில் இரண்டு கேமுக்கு ஒரு முறை ஆட்டக்காரர்கள் பக்கம் மாறுவார்கள். அந்த மாற்றம் நடப்பதே உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் அந்த இடைவெளியில்தான். நான் ஓடிக்கொண்டிருந்த இடைவெளி. ஜெயிப்பவர் மேலே போனால் மேலுக்கு விரல், கீழே வந்தால் கீழுக்கு விரல் என்று மடக்கி, படுதோல்வியைச் சமமான போட்டியாக்கியிருந்தேன். ஆவணியில் கல்யாணம் நடந்தது. அத்தை ஓய்வு பெறும் வரை இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாள். என் கணக்கு குடும்பத்தில் நிரந்தரக் கேலி ஆகிவிட்டது.

இந்த ஜூலையில் நூம்பலுக்குப் போயிருந்தேன். மாமாவுக்குக் கால் வலி. வெளியே வர முடிவதில்லை. ஆட்டத்தைப் போட்டுத் தரும் பொறுப்பு என்னுடையது. கேபிளில் எந்தச் சேனல் என்று தெரியவில்லை. கண்டுபிடித்தால் அந்தச் சேனல் அவர்கள் கட்டும் பேக்கில் இல்லை. போன வருடம் வந்த ஆப்பில் இந்த வருடம் வராதாம். வேறு ஆப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். ஓடிபி யாருடைய போனுக்கோ போகிறது. எல்லாம் சரியாகி படம் வந்தால், பக்கத்து பிளாக்கில் கேபிள் வைத்திருப்பவர் கை தட்டி ஓய்ந்த பிறகுதான் நமக்குப் பந்து போடுகிறார்கள். நான் புலம்பிக்கொண்டே இருந்தேன். ஆட்டக்காரர்கள் நாற்காலிக்குப் போனார்கள்.

“டேய், உக்காந்துட்டாங்க பாரு. ஓடிப் போயி சொல்லிட்டு வா,” என்றாள் அத்தை. மாமா சிரித்தார்.

வழக்கமாக நானும் சிரித்துவிடுவேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. உட்காரும்போது ஓடி வா என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். அத்தனை வருடம் ஜன்னல் வழியாகப் பார்த்தவளுக்குப் பக்கம் மாறுவது தெரியாதா?

“அத்தே, மொத தடவ நான் வந்து மேல்பக்கம் கீழ்ப்பக்கம்னு சொன்னப்பவே உனக்குத் தெரிஞ்சிடுச்சா?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உங்க மாமனுக்கும்தான் தெரியும். மேட்சப் பாருடா.”

அன்று இருவரும் என்னை ஒரு நிமிடம் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. யாராவது ஒருவர் என்னைத் திருத்தியிருந்தால் ஒருதலையான ஆட்டம் என்று அப்போதே தெரிந்திருக்கும். ஒருதலையான ஆட்டத்தைப் பார்க்கவா அவசரமாக எழுந்து தெருவைக் கடக்க முடியும்? ஒரே வீட்டின் இரு முனைகளில் இருந்தபடி, ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல், என் தப்பைக் காப்பாற்றி வைத்துக்கொள்ள இருவரும் தீர்மானித்திருக்கிறார்கள். ஸ்கோர் கொண்டு போகிறேன் என்று நினைத்து ஓடிய பையனுக்கு அது எப்படிப் புரியும்?

அன்றைக்கு மட்டும் கட்டியிருந்த சந்தாவை ஆட்டம் முடிந்ததும் நீட்டிக்கப் போனேன், இரண்டு வகை காட்டினார்கள். ஆட்டக்காரர்கள் நாற்காலியில் உட்காரும் இடைவெளியில் விளம்பரம் போடுவார்கள் என்றால் மலிவு, விளம்பரம் இல்லாமல் என்றால் கூடுதல். எப்போதும் மலிவைத்தான் கட்டுவேன். அன்று கூடுதலையே கட்டினேன், வருடம் முழுவதற்கும்: ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது ரூபாய்.