திகதி போடாத அறிவித்தல்

காலை ஒன்பது மணி, ஒரு மரண அறிவித்தல், பெயர் நாகராசா. பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எடுக்கும் வேலையில் ஒரு வசதி உண்டு, பார்த்தவர்களுக்குத் தெரியும்: சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து குறை சொல்வதில்லை. திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்த என் சின்ன அலுவலகத்தில் அந்த வசதியும் அன்றோடு போயிற்று.

நேரில் வந்தவர்

நாகராசா அண்ணை துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, ஒரே மகள் கனடாவில். ஆறு மாதம்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, தன்னுடைய அறிவித்தலைத் தானே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பழக்கதோஷத்தில், காலமான திகதி என்ன என்று கேட்டுவிட்டேன்.

“அதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கோ தம்பி, அண்டைக்கு எனக்கு வரேலாது.”

வேலிக்கு அப்பால்

சகோதரர் என்ற இடத்தில் ‘வேலாயுதம், திரியாய்’ என்று போடச் சொன்னார். தகப்பன் விட்ட வளவுக் காணியின் வேலியைத் தம்பி ஒரு முழம் தள்ளிப் போட்ட நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் மகன் இல்லாத அண்ணைக்குக் கொள்ளி வைக்க அந்தத் தம்பியை விட்டால் ஆளில்லை. எங்கள் பக்கத்தில் எவ்வளவு கோபமானாலும் அறிவித்தலில் பேர் வந்தால் ஆள் வந்தே ஆகவேண்டும். வராவிட்டால் ஊர் வாயில் விழவேண்டும். உயிரோடு இருக்கும்போதே ஒருக்கால் கூப்பிடலாமே என்றேன்.

“இப்ப கூப்பிட்டா வேலிக்கதை கதைப்பான். செத்தாத்தான் வாயைப் பொத்திக்கொண்டு வருவான்.”

பேரம்

அதன்பிறகு அண்ணை ஆளே மாறிப்போனார். கலியாண வீடுகளில் பந்திக்குக் காத்திருப்பதை நிறுத்தினார். கோயில் கூட்டத்தில் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, “எனக்கு நேரமில்லை, உங்களுக்கு இருக்கு, இருங்கோ” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஐந்து சதத்துக்கும் சண்டை பிடித்த மனிதர், சந்தையில் சொன்ன விலைக்குப் பாரை மீன் வாங்கினார். மீன்காரர் என்னிடம் வந்து முறையிட்டார்.

“அண்ணை பேரம் பேசாமப் போறார், எனக்கெல்லோ பயமாக் கிடக்கு.”

அவசரமில்லாதவர்

பத்திரிகைக்குச் செய்தியும் நான்தான் எழுதுவது; வயலுக்குள் யானை இறங்கிய செய்திக்காகத் திரியாய்க்குப் போன இடத்தில் தம்பி வேலாயுதத்தைக் கண்டேன். கலியாணம் கட்டாதவர். அதே வேலிக்குக் கதியால் தடிகளை நட்டுக்கொண்டு நின்றார். அண்ணையின் நிலைமையைச் சொன்னேன். கதியாலைக் கீழே போட்டார். பிறகு கையை இடுப்புச் சாறத்தில் துடைத்தார்.

“வெள்ளாமை வெட்டு முடியட்டும், வாறன். நாள் எண்ணிக் கிடக்கிறது அவருக்குத்தானே, எனக்கில்லையே.”

ஓட்டோவில் போன சமாதானம்

அதை அப்படியே அண்ணையிடம் சொன்னேன். கேட்டதைத் திருத்திச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நெல் வெட்டு முடியும்வரை தான் இருப்பது நிச்சயமில்லை என்று கண்டவர், அடுத்த நாள் விடியவே ஓட்டோ பிடித்துத் திரியாய்க்குப் போனார். பொழுதுபடத் திரும்பி நேரே என்னிடம்தான் வந்தார். வேட்டியில் மண், கையில் முள் கீறிய காயம். சமாதானமோ என்றேன்.

“எங்க? முழு நாளும் வேலிக்கதைதான். கதியால் பிடிச்சுக் குடுத்துக்கொண்டே கதைச்சனான்.”

உங்களுக்கும் எனக்கும் எந்த டொக்டரும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்பதால், நாம் எல்லாரும் வெள்ளாமை வெட்டு முடியட்டும் என்றே இருக்கிறோம்.

அடுத்து வந்த மாசி பதினெட்டாம் திகதி, வெட்டு முடியுமுன், வேலாயுதம் திரியாயில் மாரடைப்பால் காலமானார். கொள்ளி வைத்தவர் நாகராசா.