குண்டான் தேய்க்கிற சத்தம்

மீசை முளைத்த பிறகும் எங்கள் தெரு நாடகக் குழுவில் என்னைப் பெண் வேஷத்திலிருந்து விடமாட்டோம் என்றார்கள். நானும் விடச் சொல்லிக் கேட்கவில்லை. பகலில் திருவொற்றியூர் சாலையில் ஒரு பவுண்டரியில் உருக்கிய இரும்பை ஊற்றுவேன், சாயங்காலம் புடவை கட்டுவேன். அதைக் கேலி செய்தவன் எவனும் ராயபுரத்தில் முழுசாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. எனக்கு வாயைவிடக் கை முந்தும்.

வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் இருக்கும், பவுண்டரியில் வேலைநிறுத்தம் வந்தது. காரணமில்லாமல் வெளியே தள்ளிய எங்கள் ஆட்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னோம். பாதிப் பேரைச் சேர்க்கிறோம், மீதியை மறந்துவிடுங்கள் என்றது நிர்வாகம். "அந்தப் பாதி எவன் எவன்னு நீயே சொல்லேன்," என்று மேனேஜர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு வெளியே வந்தார் எங்கள் தலைவர். அதோடு உலை அணைந்தது. அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

வாரங்கள் ஓடின. வீட்டில் அரிசியில்லாமல் ஆட்கள் தளர ஆரம்பித்தார்கள். ஒரு நாடகம் போட்டால் தெம்பு வரும் என்று யோசித்தோம். எங்கள் தெரு வாத்தியார் ஒரு இங்கிலீஷ் நாடகத்தின் கதையைச் சொன்னார். சீமையில் ஒரு தொழிற்சாலை, குளிர்காலம், வேலைநிறுத்தம். இந்தப் பக்கம் தொழிலாளர் தலைவன், அந்தப் பக்கம் கிழட்டு முதலாளி. இரண்டு பேரும் வளையமாட்டார்கள். தலைவன் கூட்டத்தில் முழங்கிக்கொண்டிருக்கும்போது வீட்டில் அவன் பெண்டாட்டி பட்டினியிலும் குளிரிலும் செத்துப்போகிறாள். கடைசியில் இரண்டு பேரையும் அவரவர் ஆட்களே கைவிட்டுவிட்டு சமரசம் பேசிக்கொள்கிறார்கள். என்ன சமரசம் என்று பார்த்தால், வேலைநிறுத்தத்துக்கு முன்னால் பேசின அதே ஷரத்துகள்!

"இன்னா வாத்தியாரே, இத்தப் பாத்தா நிக்கறவனும் வேலைக்கு ஓடிப்பூடுவான்," என்றேன். "நம்மூர்ல குளிர்ல எவன் செத்தான்?" என்றான் இன்னொருவன். வாத்தியார் குளிரை மழையாக்கினார், முடிவையும் மாற்றினார். பெண்டாட்டி சாவாள், ஆனால் தொழிலாளி ஜெயிப்பான். கொடி, கோஷம், மாலை எல்லாம் உண்டு. சாகிற பெண்டாட்டி நான்.

புடவை கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். காலையிலிருந்தே சுவருக்கு அந்தப் பக்கம் கரகரவென்று பாத்திரம் தேய்க்கிற சத்தம். சமைக்கவே ஒன்றுமில்லாத வீட்டில் எதைத் தேய்க்கிறாள் இந்த அக்கா? கொல்லைப்புறம் எட்டிப் பார்த்தேன். தலைவரின் பெண்சாதி, ஏற்கெனவே பளபளவென்று இருந்த குண்டானில் மறுபடி சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமினாள். முந்தானையை எடுத்தபோது அதில் ரத்தம்.

"கத்தாதே. அவரு உள்ள தூங்கறாரு," என்றாள். இருமல் வரும்போதெல்லாம் குண்டானை எடுத்துவிடுவாளாம். தேய்க்கிற சத்தத்தில் இருமல் கேட்காதாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகாவிட்டால் பிழைக்கமாட்டாய் என்று கம்பவுண்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவள் வந்து குண்டான் தேய்க்கிறாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அண்ணனாண்ட சொல்லாம இன்னா வெளையாட்டு இது?"

"சொன்னா அவரு வந்து ஆஸ்பத்திரில குந்திக்குவாரு. அவரு அங்க குந்தினா அத்தினி பேரும் பவுண்டரி கேட்டுக்குள்ள பூடுவாங்கோ. பொண்டாட்டிக்கோசரம் நம்மள வித்துட்டான்னு ஊரே பேசும். ஸ்ட்ரைக்கு முடியட்டும், நானே போறேன்." என் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "வாயத் தொறந்து சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுடா."

பண்ணித் தொலைத்தேன். நீலப் புடவை ஒன்றைக் கொடுத்தாள். "ஸோக்கா கட்டிக்கோ. கிழிச்சிடாதே."

அன்றிலிருந்து அந்தக் கரகர சத்தம் கேட்டாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. தலைவரோ சிரித்தார். "எப்பப் பாத்தாலும் குண்டானத் தேச்சிகினே கீறா உங்க அக்கா. ஒருநாள் ஓட்டை வுழப் போவுது பாரு," என்றார். என்னய்யா மனுஷன் நீ, காது இருக்கிறதா இல்லையா என்று சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. சத்தியம் தடுத்தது.

கல்மண்டபத்துப் பக்கம் திறந்த வெளியில் மேடை போட்டோம். பொழுது சாய்ந்ததும் நாடகம், முடிந்ததும் தலைவர் பேச்சு. மறுநாள் காலை கூட்டத்தில் தொடர்வதா, திரும்புவதா என்று கை தூக்க வேண்டும். அவர் பேசினால் தொடர்வதற்கே கை உயரும். அது எல்லோருக்கும் தெரியும்.

கடைசிக் காட்சி வந்தது. வாத்தியார் எழுதியபடி நான் பாயில் படுத்து, கொடியைப் பற்றி நீளமாகப் பேசிவிட்டுச் சாக வேண்டும். நான் படுக்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்து மறைத்து வைத்திருந்த குண்டானை எடுத்தேன். சாம்பல் போட்டேன், தேய்த்தேன்.

"இன்னாபா, பாத்திரம் தேய்க்கற சீனா?" என்று யாரோ கத்தச் சிரிப்பு எழுந்தது. "வசனம்! வசனம் சொல்லு!" என்று வாத்தியார் ஓரத்திலிருந்து பல்லைக் கடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்து இருமினேன், இருமல் கேட்காதபடி தேய்த்தேன், மறுபடி இருமினேன், மறுபடி தேய்த்தேன். முன் வரிசையில் தலைவர் பக்கத்து ஆளிடம் குனிந்து நாளைய கூட்டத்தைப் பற்றிக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார். பாரய்யா, பாவி மனுஷா, நிமிர்ந்து பார்! கை எரிந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

அவர் பேச்சை நிறுத்தினார். தலை நிமிர்ந்தது. குண்டானைப் பார்த்தார், நான் கட்டியிருந்த நீலப் புடவையைப் பார்த்தார். மறுபடி குண்டானைப் பார்த்தார். பிறகு எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களை மிதித்துக்கொண்டு நடந்தார், நடை ஓட்டமானது. அதன் பிறகுதான் நான் பாயில் சாய்ந்து செத்தேன்.

"தலிவரு இன்னாத்துக்கு எய்ந்து போறாரு?" "மேனேஜரு வூட்டுக்கா?" "வெல போயிட்டான்யா!" செத்தவளாகக் கண்ணை மூடிக் கிடந்த என் காதில் இவ்வளவும் விழுந்தது. மேடையில் வெற்றிக் கோஷம் போட்டபோது பாதி மைதானம் காலி. அத்தனை பேரும் அவர் வீட்டுப் பக்கம் போகிறார்கள் என்று தெரிந்ததும், புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு குறுக்கு வழியில் ஓடினேன்.

சந்து முனையில் எல்லோரும் மறித்து நின்றார்கள். எதிரே ஒரு கைரிக்ஷா. அதில் அக்கா சாய்ந்திருந்தாள், தலைவர் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

"இப்ப யாரு வந்து பேசுவா? அத்தச் சொல்லிட்டுப் போ!" என்று ஒருவன் ரிக்ஷாவின் கைப்பிடியைப் பிடித்தான்.

"என் பொண்டாட்டி சாவறா. வழி வுடுங்கடா," என்றார் தலைவர். கேட்டை ஆட்டி வைத்த அந்தக் குரல் உடைந்துபோயிருந்தது. வழி விட்டார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். பவுடர், பொட்டு, அவளுடைய புடவை. "சத்தியம் பண்ணினியேடா பாவி," என்றாள்.

மறுநாள் அவர் வரவில்லை. திரும்புவதற்கே கைகள் தூக்கப்பட்டன. பாதிப் பேரைச் சேர்த்துக்கொண்டார்கள், மீதியை மறந்தார்கள். வேலைநிறுத்தத்துக்கு முன்னால் பேசிய அதே ஷரத்து. வாத்தியார் மாற்றிய முடிவு மேடையோடு போயிற்று, இங்கிலீஷ்காரன் முடிவுதான் எங்களுக்கு வாய்த்தது. மறந்த மீதியில் தலைவரும் சேர்ந்துகொண்டார்.

ஒன்று மட்டும் மாறியது, அக்கா சாகவில்லை. வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தாள். வந்த அன்றே என்னைப் பிடித்துக்கொண்டாள். "உன்னாலதான் தோத்தோம். நான் செத்துப் போயிருந்தா ஜெயிச்சிருப்பீங்கோ."

"போயிருந்தா போயிருப்பே, அவ்வளவுதான். மறுபடி அப்படி வந்தா மறுபடி தேய்ப்பேன், போ!" என்று நானும் கத்தினேன். அழுகை வந்துவிட்டது.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்து அக்கா குண்டானை எடுத்தபோது, தலைவர் பதறி ஓடிவந்து அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். தெருக்குழாயடியில் குந்தித் தேய்த்தார். பெண்கள் சிரித்தார்கள், பழைய ஆட்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அந்த வீட்டில், கடைசி வரைக்கும், பாத்திரம் தேய்த்தது அவர்தான்.