மிளகு வழியாக வந்த காற்று

மட்டாஞ்சேரி பஜாருக்கு மிளகு கொண்டுவருகிறவர்களுக்கு ஹரிநாராயணன் என்றால் பயம். ஆள் ஒன்றும் பயில்வான் இல்லை. ஐந்தேகால் அடி, சின்னத் தொப்பை, மூக்கு நுனியில் கண்ணாடி. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷமாகத் தரம் பார்க்கிறவர். சாக்கிலிருந்து ஒரு பிடி மிளகை அள்ளி, காதருகே வைத்துக் குலுக்கிவிட்டு, "பன்னெண்டரை" என்பார். மீட்டரில் போட்டால் ஈரம் பன்னிரண்டரை சதவீதம் என்றே வரும். பதினொன்றுக்கு மேலே போனால் சரக்கு திரும்பிப் போக வேண்டியதுதான். சொந்த மச்சினன் வயநாட்டிலிருந்து கொண்டுவந்த எட்டு மூட்டையையே திருப்பி அனுப்பியவர். அந்த மச்சினன் இரண்டு ஓணத்துக்கு வீட்டுப்பக்கம் வரவில்லை.

"ஊர்ல இருக்கற மிளகுக்கெல்லாம் ஈரம் பாப்பார்," என்பாள் அவர் மனைவி சுபாஷிணி. "கொடியில கிடக்கற வேஷ்டி காஞ்சுதான்னு மாத்திரம் தொட்டுப் பாக்க மாட்டார்."

மொய்துவின் சுக்கு கோடவுனுக்கு மேல் மாடியில்தான் இவர்கள் குடித்தனம். இரண்டே அறை. முன்னறையில் காற்றும் வெளிச்சமும் நன்றாக வரும். அந்த முன்னறையை இரண்டு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு கை.

ரெக்கார்டு ப்ளேயரின் கை. ஃபோர்ட்கொச்சியில் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளிநாடு போன ஒருவர், "உங்களால் முடிந்தால் ஓட்டிக்கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிட்டுப் போனது. அந்த ‘முடிந்தால்’ என்ற சொல்லில்தான் ஹரிநாராயணன் விழுந்தார்.

சாதாரண ப்ளேயரில் கையின் ஒரு முனை முளையடித்தது மாதிரி நிற்கும். வாசல் கதவு திரும்புகிற மாதிரி வளைந்து வளைந்து ஊசி உள்ளே போகும். இது அந்த ஜாதி இல்லை. தட்டுக்குப் பின்னால் குறுக்கே ஒரு எஃகுக் குழாய். அதில் தலைமுடி நுழைகிற அளவில் வரிசையாகத் துளைகள். குழாயைச் சுற்றி ஓர் உறை, அந்த உறையில் கை. குழாய்க்குள் காற்றடித்தால் அது துளைகள் வழியாக வந்து உறையைத் தூக்கிப் பிடிக்கும். பிறகு உறை எதையும் தொடாது. காற்றிலேயே மிதந்து, ஊசி இழுத்த இழுப்புக்கு நேர்கோட்டில் நகர்ந்துகொண்டே போகும். அப்படித்தான் புத்தகத்தில் போட்டிருந்தது.

வீட்டில் அது அப்படிப் போகவில்லை. மரத்தளம் ஒரு பக்கம் சாய்ந்திருந்ததால் கை முதல் நாளே சறுக்கிப் போய் மூலையில் உட்கார்ந்தது. ரசமட்டம் வைத்து, காலுக்கடியில் பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகி, அதன் குமிழியை நடுவில் நிறுத்த ஒரு மாதம். பிறகு பார்த்தால், கையிலிருந்து வருகிற நாலு ஒயரும் விறைப்பாக இருந்து, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிற பிள்ளையைப் போல அதைப் பின்னால் இழுத்தன. பழைய ஹெட்ஃபோனைப் பிரித்து மெல்லிய இழை எடுத்து, மேலேயிருந்து தொட்டில் மாதிரி தொங்கவிட்டார். காற்றடிக்க மாட்டிய மீன்தொட்டி பம்ப் விட்டு விட்டு மூச்சு விட்டது. அந்த மூச்சு பாட்டிலும் கேட்டது. காற்றைத் தேக்கி ஒரே சீராக விட ஒரு பாத்திரம் வேண்டும். சுபாஷிணியின் ஐந்து லிட்டர் குக்கர் அதற்குப் போயிற்று.

"கைப்பிடி ஆடறதுன்னு நீதானே சொன்னே?"

"ஆடறதுன்னுதான் சொன்னேன். வேண்டாம்னு சொன்னேனா?"

குக்கருக்குக்கூட அவள் அவ்வளவாகச் சண்டை போடவில்லை. சண்டை அறைக்காக. சுபாஷிணி எட்டு முதல் பத்தாம் கிளாஸ் வரை கணக்கு ட்யூஷன் எடுக்கிறாள். இந்த ஜூனில் பதினான்கு பிள்ளைகள் சேர்ந்துவிட்டன. அடுக்களைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருந்த நடையில்தான் பாடம். கடைசி மூன்று பேர் ஃப்ரிட்ஜைப் பார்த்தபடி அல்ஜீப்ரா போட்டார்கள். நடுவில் யாருக்காவது தயிர் எடுக்க வேண்டுமென்றால் மூன்று பேரும் எழுந்து நிற்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை அவள் சாயாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தீர்மானமாகச் சொன்னாள்.

"ஏன்னா, கேட்டேளா. வர ஞாயித்துக்கிழமை. ஒரு தட்டு, ஒரு பக்கம், ஆரம்பத்துலேர்ந்து முடியற வரைக்கும். ஒரு தடவைகூட ஊசி குதிக்காம ஓடினா ரூம் உங்களுக்கு. நான் ஃப்ரிட்ஜுக்கே கணக்கு சொல்லிக்கொடுத்துக்கறேன். குதிச்சா ரூம் எனக்கு. இடப்பள்ளில அந்த அனில், கேட்டுண்டே இருக்காரே, அவருக்கு இதைக் கொடுத்துடணும். ஷரியா?"

"ஷரி," என்றார் ஹரிநாராயணன். சாயாவை ஒரே மடக்கில் குடித்தார்.

தீர்ப்புச் சொல்ல மொய்துவை ஏற்பாடு செய்தார்கள். "டீச்சரே, நான் சுக்கு விக்கிற ஆளு. பாட்டுல எனக்கு எந்தா தெரியும்?" என்று மொய்து கேட்டுப் பார்த்தார். "அதுனாலதான் உங்களை வெச்சது," என்றாள் சுபாஷிணி.

அந்த வாரம் ஹரிநாராயணன் செய்த முதல் காரியம் பம்பை மாற்றியது. மீன்தொட்டிக் காற்று மீனுக்குப் போதும், இதற்குப் போதவில்லை. பல் டாக்டர் ஒருவர் கழித்துப்போட்ட கம்ப்ரெஸர் ஒன்றைப் பிடித்துவந்து பின்கட்டில் வைத்தார். காற்று ஜோராக வந்தது. கை நிஜமாகவே மிதந்தது. சுண்டுவிரலால் தொட்டால் போதும் என்கிற மாதிரி நகர்ந்தது. புதன்கிழமை முழுக்க அவர் முகத்தில் பல் தெரிந்தது.

வியாழக்கிழமை குழாயில் தண்ணீர் தெரிந்தது. கொச்சியின் ஜூன் மாதக் காற்றை அழுத்திப் பிழிந்தால் வேறு என்ன வரும்? துளை ஒவ்வொன்றிலும் ஒரு முத்து. உறை அதில் ஒட்டிக்கொண்டு, ஊசி ஒரே இடத்தில் நின்று ஒரே வரியைப் பாடியது. குக்கரைத் திறந்தால் அடியில் இரண்டு கரண்டித் தண்ணீர்.

"எத்தனை பெர்சென்ட்?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

ஈரம் உறிஞ்சும் குருணைக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். மழையில் வண்டி தாமதம், செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை வந்து யாருக்கு என்ன?

வெள்ளிக்கிழமை, கம்பெனியில் சோதனை அடுப்பிலிருந்து எடுத்த மிளகைக் குப்பையில் கொட்டப்போனபோது அவர் கை அப்படியே நின்றது. சோதனைக்காக எலும்பாகக் காயவைத்த மிளகு. பஜாரில் சுமை தூக்குகிறவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது: அளவுக்கு மீறிக் காய்ந்த மிளகு மழைக்காலத்தில் காற்றிலிருந்தே தண்ணீர் குடித்து எடை ஏறும். உலகத்தில் ஈரத்துக்கு அதைப்போலப் பேராசை பிடித்த வஸ்து வேறில்லை. அதுவும் தன் கையிலேயே இருக்கிறது!

வாட்டர் ஃபில்டரின் பழைய கூடு ஒன்றில் அந்த மிளகை நிரப்பி, குக்கருக்கும் கைக்கும் நடுவில் மாட்டினார். தூசு போகாமலிருக்க வெளிவாயில் பஞ்சும் அடைத்தார். சனிக்கிழமை பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பஞ்சுதான் காற்றைக் கொஞ்சம் தடுக்கிற மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், எதற்கு வம்பு, காற்று முழுசாகவே வரட்டும் என்று பஞ்சை எடுத்துவிட்டார்.

பத்து மணிக்கு மொய்து வெள்ளைச் சட்டையில் வந்து, நீதிபதி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். சுபாஷிணி சுவரோரம் பாயில். நாதஸ்வரத் தட்டு, முதல் பக்கம், நாலு உருப்படி. ஹரிநாராயணனுக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். ஊசியை இறக்கிவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

முதல் பாட்டு தேனாக ஓடியது. கை காற்றில் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து மொய்துவே "ஆஹா" என்றார். இரண்டாவது பாட்டில் அவர் மூக்கைத் தேய்த்தார். பிறகு தும்மினார்.

"தீர்க்காயுசு," என்றாள் சுபாஷிணி, அடுத்த நொடியில் தானும் தும்மினாள்.

உள்ளே என்ன நடந்தது என்றால், பஞ்சில்லாத காற்று முழு வேகத்தில் வர, கூட்டுக்குள் மிளகு குதித்துக் குதித்து ஒன்றோடொன்று மோதித் தன்னைத்தானே அரைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பொடி, தலைமுடி நுழையும் துளைகள் அத்தனை வழியாகவும், சீராக, சாம்பிராணி போட்ட மாதிரி அறைக்குள் வந்துகொண்டிருந்தது. ஒற்றைத் தும்மல் என்றால் சகுனம் பார்க்கலாம், இரட்டை என்றால் நல்லது என்று தேற்றிக்கொள்ளலாம். பதினேழு தும்மலுக்கு என்ன பலன் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

"என்டெ படச்சோனே!" என்று மொய்து கைக்குட்டைக்குள்ளிருந்து கடவுளைக் கூப்பிட்டார். "முப்பது வருஷமா சுக்குத் தூசியில கிடக்கேன். எனக்கே தாங்கலியே. சாமி, பாட்டா போடுறீங்க, ரசமா வெக்கிறீங்க?"

"நிறுத்தப்படாது!" ஹரிநாராயணன் கண்ணில் நீர் வழியக் கத்தினார். "நிறுத்தினா கணக்குல வராது!"

"யாரு நிறுத்தச் சொன்னா?" என்று சுபாஷிணி தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவில் சொன்னாள்.

மூன்றாவது பாட்டில் நாதஸ்வரத்தைவிட இவர்கள் சத்தம்தான் அதிகம். நாலாவதில் மொய்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி நீதி செலுத்தினார். ஊசி கடைசிக் கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஹரிநாராயணன் கம்ப்ரெஸரை அணைத்தார். தும்மல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஓடி முடிச்சுது," என்றார் மொய்து, மூக்கைச் சிந்திவிட்டு. "குதிச்சத நான் கேக்கல. சத்தியமா ஒண்ணுமே கேக்கல. டீச்சரே, உங்களுக்குக் கேட்டுதா?"

"எனக்கும் கேக்கலை," என்றாள் சுபாஷிணி. கணவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்ப ரூமு சாமிக்குத்தான். தீர்ப்பு கழிஞ்சுது," என்று மொய்து எழுந்தார்.

ஹரிநாராயணன் தட்டைத் துடைத்தார். ஒரு முறை துடைத்த தட்டை இன்னொரு முறை துடைத்தார். உறையில் போட்டார், வெளியே எடுத்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சரக்கில் ஈரம் இருந்து, கொண்டுவந்தவன் எதிரிலேயே நிற்கும்போது அவர் வாய் அப்படித்தான் கோணும்.

"மூணாவது பாட்டு," என்றார். "தவில் ஏறி வர எடத்துல. ஒரு தடவை குதிச்சுது."

மொய்து வாசற்படியில் நின்றார். "சாமி, தீர்ப்பு சொல்லியாச்சே. உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

"ரெண்டு செகண்டு காணலை. தாளம் இடிச்சுது."

"எனக்குத் தெரியும்," என்றாள் சுபாஷிணி. "கேக்கலைன்னுதான் சொன்னேன். தெரியாதுன்னு சொல்லலையே. உங்க கையைத்தான் பாத்துண்டிருந்தேன். தும்மல்லகூட நிக்காம போட்டுண்டிருந்த தாளம், அங்கே ஒரு தடவை நின்னுது. சொல்றேளான்னு பாத்தேன்." பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். "நாளைலேர்ந்து பிள்ளைகள் இங்கேதான்."

சாயங்காலம் ஹரிநாராயணன் தானே அனிலைக் கூப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த சுபாஷிணிக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது. மலையாளத்தில் ஆரம்பித்து வழக்கம்போலத் தமிழும் கலந்து போயிற்று.

"ஆமா, கொடுக்கத்தான்... நன்னா ஓடறது. ஆனா குதிக்கும்... இல்லை, எப்பவும் இல்லை, துளையில தூசு போனா... என்ன தூசா? மிளகு... மிளகுதான். இல்லை சேட்டா, அது பெரிய கதை... ஈரம் வரும், தினம் குக்கரைத் திறந்து தண்ணி கொட்டணும்... குக்கர்தான், சோறு வெக்கற குக்கர்... ஆங், தரை மட்டமா இருக்கணும். உங்க ஃப்ளாட் எத்தனாவது மாடி? பதினொண்ணா? மெட்ரோ பக்கமா? அப்போ அதிரும். அதிர்ந்தா போச்சு... இல்லை, இல்லை, நான் வேண்டாம்னு சொல்லலை. உள்ளதைச் சொல்றேன்... ஹலோ? ஹலோ?"

ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "அவருக்குக் கேசட்டே போதுமாம்... வெச்சுட்டார்."

சுபாஷிணி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். புரையேறிவிடுமோ என்று அவர் பதறுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"இந்த ஜன்மத்துல நீங்க ஒரு சாமானை வித்துடுவேளா? ஏன்னா, நிஜமாத்தான் கேக்கறேன்."

"நான் பொய் சொல்லணுமாக்கும்?"

"வேண்டாம், வேண்டாம். அது உங்களுக்கு வரவும் வராது." அவள் எழுந்து படுக்கையறை வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். ரசமட்டம் இல்லாமலேயே அவருக்குத் தெரியும், அந்த அறையில் தளம் சமமாக இருப்பது ஒரே ஒரு மூலையில்தான். அந்த மூலையில் கட்டில் கிடந்தது.

"கட்டிலை இந்தப் பக்கம் தள்ளினா அங்கே உங்க கை கொள்ளுமா?"

"கொள்ளும்," என்றார் அவர் உடனே. எப்போதோ அளந்து வைத்திருந்தார் போலிருக்கிறது. பிறகு குரல் இறங்கியது. "ஆனா தலைமாடு வடக்கே போயிடுமே."

"தலையணையை எடுத்துக் கால்மாட்டுல போட்டா தெற்கு ஆச்சு. இதுக்கெல்லாம் கணக்கு டீச்சர் வேணுமா? வாங்கோ, அந்தப் பக்கம் பிடியுங்கோ. மிளகு மாத்திரம் உள்ளே வரப்படாது, இப்பவே சொல்லிட்டேன்."