கடலை அடைக்க ஒரு ரப்பர்

சுனாமிக்குப் பிறகு கடலோசை கேட்டால் எனக்குத் தூக்கம் வராது. வீடோ கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். மருந்தும் ஓதிய தண்ணீரும் என்னிடம் தோற்ற பிறகு, காதுக்குள் செருகும் ஹெட்போனில் குர்ஆன் கிராஅத் போட்டுப் படுத்தேன். கடல் அடங்கியது. யுத்தம் முடிந்த வருடம் ஹெட்போனின் ஒரு பக்க சிலிக்கோன் ரப்பர் தொலைந்தது. அந்தக் காது வழியாகக் கடல் திரும்பி வந்தது. விழித்து விழித்துப் பைத்தியம் பிடிக்கும் நிலையில் ரப்பர் வாங்கக் கல்முனை டவுனுக்குப் போனேன்.

கடைக்காரர் பெரிது, நடு, சின்னது என்று பரப்பினார். கடைக்குள் பஸ் ஹோர்ன்தான் கேட்டது. கடல் இல்லாமல் எதைத் தெரிவு செய்வது?

"கடக்கரைல போட்டுப் பாத்திட்டு வாறன்."

"காக்கா, இது காதுக்கா, கடலுக்கு மூடியா?" என்று அண்ணன் முறை வைத்துச் சிரித்தாலும் கொடுத்தனுப்பினார்.

அலை வந்த நாளுக்குப் பிறகு மிதிக்காத மணலில் நின்றேன். ஹெட்போனில் மாட்டிய பெரிய ரப்பர் காதுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அலைகள் வாயைத் திறந்து மூடின, சத்தமே இல்லை. நான் தேடி வந்தது அதுதான். ஆனால் கண்ணை மூடியதும் கடலே இல்லாமல் போனது. இப்போது அது எழும்பி வந்தால் எனக்கு எப்படித் தெரியும்? ரப்பரைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டுவரை ஓடினேன். பின்னால் ஓர் ஆடுகூட வரவில்லை.

"சின்னதத் தாங்க" என்றேன் கடையில்.

"அது ஒங்கட காதுக்கு லூஸ், காக்கா. வெளிச்சத்தம் உள்ள வரும்."

"ஓம், கொஞ்சம் வரட்டும்."

பொட்டலம் கட்டும்போது அவர் என் காதைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தார்.