கத்தி யார் கையில் இருந்தது

செய்த தவறை முழு மனதோடு ஒப்புக்கொள்ளும் ஒருவன், செய்யாத ஒன்றையும் சேர்த்து ஒப்புக்கொண்டால் அதை நேர்மை என்பதா, பொய் என்பதா? மேக்ஸ்வெல்லின் வாழ்க்கை அவன் அக்கா மோலியின் முன் வைத்த கேள்வி இது. மைசூரில் நர்ஸாக இருந்த மோலிக்கு இதையெல்லாம் யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. ஆனாலும் யோசித்தாள்.

மேக்ஸ்வெல் அதே ஊரில், ஹெப்பாள் பகுதியில் கம்பெனி பஸ் ஓட்டியவன். பெரிய நல்லவன் என்று சொல்லிவிட முடியாது. வேலைக்கு ஒழுங்காகப் போவான், அவ்வளவுதான். ஒரு மாலை, கூட வேலை செய்த பாலனோடு ரிங் ரோட்டுப் பெட்ரோல் பங்குக்குப் போனான். பணப்பையைப் பிடுங்கியது மேக்ஸ்வெல். பங்க் ஊழியரின் கழுத்தில் கத்தி வைத்தது பாலன். இருவர் தலையிலும் ஹெல்மெட் இருந்ததால், கத்தி யாரிடம் இருந்தது என்று ஊழியருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏன் போனாய் என்று மோலி கேட்டபோது, "கூப்பிட்டான், போனேன்க்கா" என்றான்.

இருவரும் பிடிபட்டு, வழக்கு நீதிமன்றத்துக்கு வருமுன், ஜாமீனில் இருந்த பாலன் லாரி மோதி இறந்துபோனான்.

மோலிதான் தம்பியிடம், கன்னடம் கலந்த வீட்டுத் தமிழில் சொன்னாள்: "எல்லாத்தையும் ஒத்துக்கோடா. ஜட்ஜும் மனுஷன்தானே. சும்னே சாக்குச் சொன்னா அவருக்குக் கோவம்தான் வரும்."

அவர்கள் வளர்ந்த கத்தோலிக்க வீட்டில் பாவசங்கீர்த்தனம் அப்படித்தான். சாமியார் முன் முழந்தாளிட்டால் உன் பாவத்தைச் சொல்ல வேண்டும். கூட இருந்தவன் பெயரை எடுக்கக் கூடாது. மேக்ஸ்வெல் அதே பழக்கத்தை நீதிமன்றத்துக்கும் கொண்டுபோனான். கத்தியைக் காட்டிக் கொள்ளையடித்தாயா என்று கன்னடத்தில் கேட்டார்கள். "ஹௌது சுவாமி" என்று ஆமாம் சொன்னான். கத்தியைக் கையில் எடுத்தவனுக்குக் குறைந்தது ஏழு வருடம் என்பது சட்டம். ஏழு வருடம் விழுந்தது.

மேல்முறையீட்டுக்கு மோலி பிடித்த வக்கீல் ஜோதிமணி, தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரர். கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, கோர்ட்டென்ன உங்க சர்ச்சா? அஞ்சு ஜெபம் சொல்லிப்போட்டு வீட்டுக்குப் போன்னு விடுவாங்களா?"

"நான்தான் மேடம் சொன்னேன், ஒத்துக்கோன்னு."

"ஒத்துக்கிட்டவன் தண்டனையைக் கொறைக்கச் சொல்லித்தானுங்க அப்பீல் போக முடியும். குத்தமே தப்புன்னு சொல்லணும்னா, புரியாம ஒத்துக்கிட்டான்னு காட்டோணும்."

காட்டினார். கொள்ளையையும் கத்தியையும் தனித்தனியாகப் பிரித்து அவனிடம் யாரும் கேட்கவில்லை, விளைவையும் விளக்கவில்லை என்று சொன்ன உயர் நீதிமன்றம், தீர்ப்பை ரத்து செய்து, மறுபடியும் முதலிலிருந்து கேட்கச் சொல்லி வழக்கை மைசூருக்கே திருப்பி அனுப்பியது.

மோலி சிறைக்கு ஓடினாள்.

"நான் இல்ல, பாலன்னு ஒரு வார்த்தை. அஷ்டே, அவ்வளவுதான்!"

"பதில் சொல்ல அவன் உயிரோட இல்லையேக்கா."

"அதத்தான்டா சொல்றேன். செத்தவனை எந்த ஜெயில்ல கொண்டுபோய்ப் போடுவாங்க?"

கம்பிக்கு அந்தப் பக்கம் மேக்ஸ்வெல் சிரித்தான். "நீ நர்ஸுக்குப் படிச்சதே தப்பு. வக்கீலாப் போயிருக்கணும்."

"போயிருந்தா உன்னை அன்னைக்கு வாயைத் திறக்க விட்டிருக்க மாட்டேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருத்துவமனையில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ யோசனை சொல்லியிருக்கிறாள். எதுவும் இப்படி ஒரு மனிதனை உள்ளே தள்ளியதில்லை.

"அழாதேக்கா. சரி."

அந்தச் 'சரி'யை அவள் நம்பினாள். வீட்டுக்கு வந்து அவனுடைய சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டாள்.

இம்முறை நீதிபதி நிதானமாகக் கேட்டார். பையைப் பிடுங்கினாயா? "ஹௌது." கத்தி உன் கையில் இருந்ததா? ஆம் என்றால் ஏழு வருடத்துக்குக் குறையாது, இல்லை என்றால் சாட்சிகளை விசாரிப்போம், புரிகிறதா? புரிகிறது என்றான். யோசித்துச் சொல் என்று மதியம்வரை அவகாசம் கொடுத்தார். ஜோதிமணி அவன் காதில் ஏதோ சொன்னார். மோலி பின்வரிசையில் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மதியம் மறுபடி அழைத்தார்கள். மேக்ஸ்வெல் எழுந்து நின்றான். அக்காவின் பக்கம் திரும்பவில்லை.

"கத்தி என் கையிலதான் இருந்தது, சுவாமி" என்றான்.