ரிங் மட்டும் போதுமா?

அப்பா இறந்த மறுவருடம் எங்கள் குண்டுக் கார் புகை கக்க ஆரம்பித்தது. பின்னால் இன்ஜின், ரேடியேட்டரே கிடையாது, காற்றில்தான் ஆற வேண்டும். அப்பாவின் செல்லம் அது. அதில்தான் அம்மா என்னையும் ஏற்றிக்கொண்டு லாஸ்பேட்டையில் தான் பாடம் நடத்தும் பள்ளிக்குப் போவாள். கடற்கரைப் பக்கம் ஓட்டல் வைத்திருந்த ஒருவர், அதற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து வாசலில் நிறுத்த விலைக்குக் கேட்டிருந்தார். வருகிறவர்கள் அதன்மேல் சாய்ந்துகொண்டு படம் எடுப்பார்களாம். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த ஜூலையில் அம்மாவின் அண்ணன், என் மாமா, பிரான்சிலிருந்து வக்கான்ஸுக்கு வந்தார். விடுமுறைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அவர் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. எனக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு சாக்லேட் பாக்கெட். மாற்றுத் துணிகூட இல்லாமல் அப்பாவின் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு திரிந்தார். சரியான கஞ்சன் என்று முடிவு கட்டினேன். சாயங்காலமானால் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் எதையோ கேட்பார், நான் போனால் நிறுத்திவிடுவார். காரை விற்கச் சொல்லித்தான் நச்சரிக்கிறார் என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் முத்தியால்பேட்டை பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் இன்ஜினை இறக்கிப் பிரித்திருந்தார். நான்கு சிலிண்டர்களும் தனித்தனியாக, உடம்பெல்லாம் தகடு தகடாக, சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தன. அம்மா ஒன்றுக்குள் விரலை விட்டுத் தேய்மானத்தைத் தடவிப் பார்த்தாள். மாமா கைப்பையிலிருந்து புது பிஸ்டன் ரிங்குகளை எடுத்து நீட்டினார். மெக்கானிக் அதை வாங்காமல் அம்மாவைப் பார்த்தார்.

"விக்கறதுன்னா ரிங் மட்டும் போதும் டீச்சர், கொஞ்ச மாசம் பொகை அடங்கும். நீங்களே வச்சி ஓட்டறதுன்னா பிஸ்டன், சிலிண்டர் எல்லாம் செட்டா மாத்திடணும். நல்ல செட்டு இங்க கெடைக்காது. என்ன பண்ணலாம்?"

அம்மா கையிலிருந்த கரியைப் புடவைத் தலைப்பிலேயே துடைத்தாள். ஒரு சொட்டு சாம்பார் பட்டாலே வீட்டை இரண்டாக்குகிறவள்!

"ஓட்டறதுக்குத்தான்" என்றாள். பிறகு மாமா பக்கம் திரும்பி இன்னொரு தரம் சொன்னாள். "நாங்க இங்கயே ஓட்டறதுக்குத்தான் அண்ணே."

மாமா விறுவிறுவென்று வெளியே போய் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார். கோபித்துக்கொண்டார் என்று எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். திரும்பி வந்தபோது அந்தப் பெட்டியோடு வந்தார். உள்ளே, துண்டுகளில் சுற்றிய நான்கு புதுச் சிலிண்டர்கள், பிஸ்டன்களோடு.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் அம்மா.

"நீயா முடிவு பண்ணணும்னுதான் பாப்பா."

அப்பா போனபின் அம்மா வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அப்பாடா என்றிருந்தது. கார் தப்பித்தது!

மாமா ஊருக்குக் கிளம்புமுன்பே இன்ஜின் தயாராகிவிட்டது. முதல் ஓட்டம் நோணாங்குப்பம் வரை. அத்தனை சாயங்காலமும் அவர் கேட்டது காரைப் பற்றியல்ல, எங்களைப் பற்றி என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பிரான்சுக்கே வந்துவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். வராவிட்டால் எங்களுக்கு எது வேண்டுமோ அதையும், தன் துணிமணியை விட்டுவிட்டு, தூக்கி வந்திருக்கிறார்.

அன்று எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அக்கறையாகக் கேட்டேன்:

"இப்பதான் பொகையே வர்லியே மாமா?"